காரின் கிழிந்த ஆக்சில் ரப்பர் உறையை (பூட்) நானே மாற்றிய அனுபவம்

முன் சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் சிதறியிருந்ததைக் கண்டபோதுதான், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் வெளிப்புற ஜாயின்டை (மூட்டை) மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்போரத்தில் கிழிந்திருப்பது தெரிந்தது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்தும் 'டக் டக்' என்ற ஓசை எழாததால், ஜாயின்ட் தேயவில்லை, பூட்டும் கிரீஸும் கிளிப்புகளும் வாங்கினாலே போதும், முழு ஆக்சிலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். கழற்றாமலே ஒட்டும் பிளவு பூட் முன்பு ஒருமுறை சில மாதங்களிலேயே வாய் பிளந்துவிட்டதால், அந்தக் குறுக்குவழியை இம்முறை நாடவில்லை.

சக்கரம் தரையில் இருக்கும்போதே சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஹப் நட்டைத் தளர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் கீழ் பால் ஜாயின்டைப் பிரித்தேன். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டியதும் ஆக்சிலின் வெளிப்புற ஜாயின்ட் கழன்று வந்தது. அதை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு குண்டையும் உருட்டிப் பார்த்தேன். குழியோ கீறலோ இருந்திருந்தால் புது பூட் போடுவது வீண்வேலை. மாலிப்டினம் கலந்த கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பினேன். பெரிய கிளிப்பை இறுக்குமுன், மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினேன்; இல்லையெனில் பூட் உப்பிக்கொண்டு மடிப்புகள் உரசும். ஜாயின்டைத் தண்டில் பிடித்து வைக்கும் வளையமான சர்க்கிளிப்பையும் ஹப் நட்டையும் புதிதாகவே போட்டு, கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டை முறுக்கினேன்.