'ஈட்', 'எஸ்ஸன்', 'ஃப்ரெஸ்ஸன்': வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

'எடிபிள்' என்றால் உண்ணத்தக்கது. அது லத்தீன் 'எடெரே'யிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே 'ஈட்' என்ற வினையும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 'ஈட்' லத்தீனுக்குப் பிள்ளை இல்லை, உடன்பிறப்பு. இரண்டுக்கும் தாய், ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் உண்பதைக் குறித்த 'எட்' என்ற வேர். சமஸ்கிருத 'அத்' அதே வேர்தான். அதில் பிறந்த 'அன்னம்' தமிழுக்கும் வந்து நம் இலையில் அமர்ந்திருக்கிறது.

கடன் வாங்கிய சொல் இல்லை என்று எப்படித் தெரியும்? ஒலியே சொல்லிவிடும். 'எடெரே'யில் உள்ள ஒலிக்கும் 'ஈட்'டில் உள்ள ஒலிக்கும் தமிழில் ஒரே டகரம் என்பதால் இது நம் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. 'பாடு' என்பதில் டகரம் மென்மை, 'பாட்டு' என்பதில் வன்மை. மூலமொழியின் மென்மையான ஒலி, ஆங்கிலமும் ஜெர்மனும் டச்சும் அடங்கிய ஜெர்மானியக் கிளையில் வன்மையாக மாறியது. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திக் காட்டிய விதிகளில் இது ஒன்று. லத்தீனிலிருந்து வாங்கியிருந்தால் 'எடிபிள்' போலவே 'ஈட்'டும் மென்மையாக ஒலித்திருக்கும். அந்த வன்மையான டகரம் பிறகு தென்பகுதி ஜெர்மனில் இன்னொரு முறை மாறி சகரமானது. ஆங்கிலத்தில் 'வாட்டர்', ஜெர்மனில் 'வாஸர்'. ஆங்கிலத்தில் 'ஈட்', ஜெர்மனில் 'எஸ்ஸன்'. டச்சுக்காரர்களின் 'ஏட்டன்' இந்த இரண்டாம் மாற்றத்தில் சிக்கவில்லை.

உருவ ஒற்றுமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை, செக் அறிஞர் பெட்ரிக் ஹ்ரோஸ்னியுடையது. துருக்கியின் பொகாஸ்கோயில் கிடைத்த களிமண் பலகைகளில் யாருக்கும் புரியாத பண்டைய ஹிட்டைட் மொழி இருந்தது. அதில் ஒரு வாக்கியம்: 'நு நிண்டா-அன் எத்ஸத்தேனி, வாதார்-மா எகுத்தேனி'. 'நிண்டா' ரொட்டிக்கான சுமேரியக் குறி. ரொட்டி இருந்தால் பக்கத்தில் உண்பது இருக்க வேண்டுமே என்று யோசித்தவருக்கு 'எத்ஸத்தேனி' பழைய ஜெர்மன் 'எஸ்ஸ'னை நினைவூட்டியது. 'வாதார்' தண்ணீரைக் காட்டிக்கொடுத்தது. 'இப்போது நீங்கள் ரொட்டி உண்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள்.' ஹிட்டைட் இந்தோ-ஐரோப்பிய மொழி என்று 1915இல் அறிவித்தார். வேர் ஒன்றுதான் என்ற முடிவு சரி. ஆனால் அவருக்குத் துணை நின்ற அந்தச் சகர ஒற்றுமை தற்செயலானது! ஜெர்மன் சகரம் டகரம் திரிந்து வந்தது. ஹிட்டைட்டில் வேரின் கடைசி ஒலி விகுதியின் தகரத்தோடு மோதும்போது மட்டும் அந்தச் சகரம் முளைக்கிறது. 'நான் உண்கிறேன்' என்றால் அங்கே வெறும் 'எட்மி'தான்.

அடுத்த சறுக்கல், ஜெர்மனின் 'ஃப்ரெஸ்ஸன்' என்பதைத் தனி வேர்ச்சொல்லாக நினைப்பது. அது 'ஃப்ர' என்ற முன்னொட்டும் உண்ணும் வினையும் ஒட்டியது; 'ஒன்றும் மிச்சமில்லாமல் தின்று தீர்' என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா, பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பெயர்த்த விவிலியத்தில், விதைப்பவன் உவமையில் பறவைகள் வந்து விதையைத் தின்றுவிடும் இடத்தில் இந்த வினைதான் நிற்கிறது. ஜெர்மனில் இன்று விலங்குகள் தின்பதற்கு இதுவே சொல். நாய்க்கு 'எஸ்ஸன்' போட்டால் ஜெர்மானியர் காதில் இடறும். விருந்தாளிக்கு 'ஃப்ரெஸ்ஸன்' போட்டால் அவமதிப்பு. ஆங்கிலத்தில் இதே சொல் 'ஃப்ரெட்' ஆகி, அரித்துத் தின்பதிலிருந்து மனம் புழுங்குவதற்கு நகர்ந்துவிட்டது. 'கவலை ஆளை அரிக்கிறது' என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கிதார் கழுத்திலுள்ள 'ஃப்ரெட்'டை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், அது வேறு சொல்.

வடிவம் ஒன்றாக இருப்பதால் மரியாதையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். சுவீடனில் 'ஏட்டா' எல்லோருக்கும் பொது. ஐஸ்லாந்தில் அதன் உறவான 'யேட்டா' பெரும்பாலும் விலங்குக்கும் அள்ளி விழுங்குபவருக்கும்; மனிதர் உண்பதற்கு மேசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த 'போர்தா'. டென்மார்க்கில் மனிதர்க்கு 'ஸ்பீஸே'. இது ஜெர்மானிய வேரே இல்லை. செலவைக் குறித்த பிற்கால லத்தீன் சொல், வட ஜெர்மன் வழியாக உணவாகி, பிறகு உண்பதாகிவிட்டது. கொங்குப் பக்கம் ரசத்துக்கு அரைக்கும் மளிகையைச் 'செலவு' என்பார்களே, அந்தப் போக்குதான்.

'மீட்' என்ற இறைச்சிக்குள் 'ஈட்' ஒளிந்திருக்கிறது என்பதும் எழுத்துக்கூட்டின் மாயம். அது பொதுவாக உணவைக் குறித்த தனிச்சொல். சுவீடனில் 'மாட்' இன்றும் உணவுதான்.

கடைசியாக, ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகளைத் திணறடிக்கும் 'கெகெஸ்ஸன்', அதாவது 'எஸ்ஸ'னின் இறந்தகால எச்சம். இறந்தகால எச்சத்துக்கு 'கெ' ஒன்று போதுமே, இரண்டு எதற்கு? விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதலில் 'கெ'யும் 'எஸ்ஸ'னும் சேர்ந்து 'கெஸ்ஸன்' என்று சுருங்கின. காலப்போக்கில் உள்ளே ஒரு 'கெ' இருப்பதே பேசுபவர்களுக்கு மறந்துபோனது. எனவே முன்னால் இன்னொன்றைச் சேர்த்தார்கள். டச்சில் 'கெகேட்டன்' என்பதிலும் இதுவே நடந்தது.