கட்டட ஒப்பந்ததாரரின் உரிமத்தையும் காப்பீட்டையும் சரிபார்ப்பது எப்படி

கட்டட வேலையை ஒப்படைக்கும் முன் ஒப்பந்ததாரரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. அந்தத் தாள்களை வாங்கி, அவற்றிலுள்ள பெயர், தேதி, வேலையின் வகை ஆகியவற்றை உங்கள் ஒப்பந்தத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அரை மணி நேரத்தில் முடியக்கூடிய இந்த வேலையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

முதலில் உரிமம். உரிமம் ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்து, ஒப்பந்தம் அவருடைய நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்டால், பின்னாளில் தகராறு வரும்போது அந்த உரிமத்தால் உங்களுக்குப் பயன் இல்லாமல் போகலாம். பெயர் சரியாக இருந்தால், அது எந்த வகுப்பு உரிமம், எந்த மதிப்பு அல்லது உயரம் வரையிலான வேலைக்குச் செல்லும், உங்கள் வேலை முடியும் நாள்வரை காலாவதியாகாமல் இருக்குமா என்று பாருங்கள். நகலை மட்டும் நம்பாமல், உரிமம் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது. மின்பணிக்குப் பல இடங்களில் தனி உரிமம் தேவைப்படுகிறது என்பதால், அந்த வேலையை யார் செய்யப்போகிறார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொதுவான கட்டட வேலைக்கு உரிமமே கேட்காத இடங்களும் உண்டு. அங்கே வரைபட அனுமதியும் மேற்பார்வைப் பொறியாளரின் தகுதியும்தான் உங்களுக்குப் பிடிமானம்.

காப்பீட்டில்தான் சிக்கல் அதிகம், ஏனென்றால் 'இன்சூரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் தனித்தனிப் பாலிசிகள் பல இருக்கின்றன. சாரத்திலிருந்து தொழிலாளி விழுந்தால் அவருக்கான இழப்பீட்டைத் தருவது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. வழியில் போகிறவர்மேல் செங்கல் விழுந்தால் பேசுவது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கே தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதத்தை ஏற்பது ஒப்பந்ததாரரின் அனைத்து இடர்ப் பாலிசி; 1929-இல் லண்டனின் லாம்பெத் பாலக் கட்டுமானத்துக்கு எடுக்கப்பட்டதே இவ்வகையில் முதலாவது என்பார்கள். ஒன்றைக் காட்டிவிட்டு மூன்றும் இருப்பதாகச் சொல்வது சர்வ சாதாரணம். தொழிலாளர் காப்பீட்டைப் பார்க்கும்போது, உள் ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஆட்களும் அதில் அடங்குகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள், ஏனெனில் சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டும் வேலைக்கும் வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

'அனைத்து இடர்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; விலக்குகள் அச்சிடப்பட்ட பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். முட்டுக்கொடுத்த விதம் தவறாகித் தளம் சரிந்தால், அதனால் நொறுங்கிய மற்ற பகுதிகளுக்குப் பணம் கிடைக்கலாம். தவறாகச் செய்த பகுதியைத் திரும்பச் செய்யும் செலவு பொதுவாகக் கிடைக்காது. கடைக்கால் தோண்டும்போது மண்பிடிப்பு தளர்ந்து பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடுவதற்கும் பெரும்பாலும் கூடுதல் பிரீமியம் கட்டித் தனி இணைப்பு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சுவரில் முன்பே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

காப்பீட்டுத் தொகை வேலையின் முழு மதிப்புக்கு இருக்க வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதற்காக 100 மதிப்புள்ள வேலையை 60-க்குக் காட்டியிருந்தால், 20 அளவுக்குச் சேதம் நேரும்போது அதே விகிதத்தில் 12 மட்டுமே தருவார்கள். ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை அதிலிருந்தும் கழியும். பாலிசியில் உரிமையாளர் என்ற முறையில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். சான்றிதழை ஒப்பந்ததாரரின் கையிலிருந்து வாங்குவதைவிட, காப்பீட்டு நிறுவனத்திலிருந்தோ முகவரிடமிருந்தோ நேரடியாக உங்களுக்கு வரும்படி செய்வது பாதுகாப்பானது. பிரீமியம் கட்டாமல் ரத்தான பாலிசியின் நகலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வங்கி உத்தரவாதத்தைக் காட்டி இதுவே காப்பீடு என்று சொன்னால் ஏற்க வேண்டாம். ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டால் உங்களுக்குப் பணம் கிடைக்க அது உதவும், விபத்துக்கு உதவாது.

வேலை நீண்டுபோனால் பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மேல்தளத்தில் வேலை நடக்கும்போதே கீழ்த்தளத்தில் குடியேற நினைப்பவர்கள், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்ட பிறகே சாமான்களை ஏற்ற வேண்டும், ஏனெனில் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட பகுதிக்குப் பாதுகாப்பு அன்றோடு முடிந்துவிடுவதுதான் இத்தகைய பாலிசிகளின் வழக்கமான விதி.