பெராக்சைடும் அதை அளவுக்குள் வைக்கும் புரதமும்: ராகி முளை, கானாவாழை கொண்டு ஒரு செய்முறை

செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் தங்கலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் ஆன்டிஆக்சிடன்ட் புரதங்களின் முக்கியமான வேலை. முழுக்கத் துடைத்துவிட்டால் செடிக்குத்தான் நஷ்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காட்டில் ஈரம் வற்றும்போது அப்சிசிக் அமிலம் என்ற வறட்சி ஹார்மோன், இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்லை எட்டுகிறது. அங்கே சவ்வில் இருக்கும் ஆக்சிடேஸ் நொதி ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடை உண்டாக்க, அது பெராக்சைடாக மாறி, கால்சியம் வாசல்களைத் திறந்து, இலைத்துளையை மூடவைக்கிறது. அந்தச் சேதி போகாவிட்டால் பயிர் இன்னும் சீக்கிரம் வாடும். அதே பெராக்சைடு அளவு மீறினால் சவ்வு, புரதம், டிஎன்ஏ மூன்றையும் கெடுக்கும். இந்த இரண்டு முகத்தையும் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம்.

முதலில், பெராக்சைடை நீரும் ஆக்சிஜனுமாகச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியின் சாறு. ராகியை 10 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வையுங்கள். முளைகட்டிய மாவுக்கு வீட்டில் செய்வதுபோலத்தான். 10 கிராம் முளையை, ஐஸில் வைத்த கல்வத்தில் 20 மி.லி. குளிர்ந்த பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) விட்டு அரையுங்கள். பஃபருக்கு டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2.68 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.31 கிராம், மொத்தம் 500 மி.லி.; பிஎச் 7.0 வருகிறதா என்று மீட்டரில் சரிபார்க்க வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, சாறை ஐஸிலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, போர் தண்ணீர். நம் பக்கத்துத் தண்ணீரில் கால்சியமும் ஃப்ளூரைடும் அதிகம்; கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கும், ஃப்ளூரைடு கேட்டலேஸின் இரும்போடு ஒட்டக்கூடியது. காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம். இரண்டாவது, ராகித் தோலில் இருக்கும் பாலிஃபீனால். அரைத்த சாறு பழுப்பாக மாறினால் ஃபீனால் புரதத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அரைக்கும்போதே கரையாத பிவிபி (ஃபீனாலைப் பிடிக்கும் பாலிமர்) பொடி 0.2 கிராம் சேர்த்தால் ஃபீனால் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடு பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும்: 1 மி.லி. முழுதாகச் சிதைந்தால் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் வரும். திறந்து பல நாள் ஆன பாட்டிலை நம்பாதீர்கள், 1 மி.லி. எடுத்து ஈஸ்ட் சேர்த்து, வரும் வாயுவைக் கவிழ்த்த அளவுசாடியில் பிடித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் இந்தப் பெராக்சைடைத் தொட வேண்டும்.

இதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்தால் 1 சதவீதம். அதைச் சோதனைக்குழாயில் 5 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். பஞ்ச் செய்த வடிதாள் வட்டு ஒன்றைச் சாறில் 5 விநாடி நனைத்து, ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு, இடுக்கியால் குழாயின் அடியில் விடுங்கள். வட்டின் விளிம்பில் ஊசிமுனையளவு குமிழிகள் முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். மேலே வர 10 முதல் 60 விநாடி ஆகும்படி சாறை நீர்த்துக்கொள்ளுங்கள். 3 விநாடியில் வந்தால் வித்தியாசம் தெரியாது. 5 நிமிடம் கொதிக்கவைத்த சாறு நனைத்த வட்டு அடியிலேயே கிடக்க வேண்டும். எழும்பினால் கல்வத்திலோ இடுக்கியிலோ துரு இருக்கலாம்.

ஆனால் 1 சதவீதம் என்பது சுமார் 0.3 மோலார். உயிருள்ள செல்லில் இருப்பது நானோமோலார் (மோலாரில் நூறு கோடியில் ஒரு பங்கு), அதிகம் போனால் மைக்ரோமோலார் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கேட்டலேஸ் பெரிய வெள்ளத்துக்கான மதகு. சிறு ஓட்டத்தைப் பிடிப்பது பெராக்சிரெடாக்சின் என்ற புரதம். அதிலுள்ள சிஸ்டைன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, பிறகு தயோரெடாக்சின் என்ற இன்னொரு புரதம் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சில செல்களில் பெராக்சைடு மிகும்போது அந்தச் சிஸ்டைன் சல்ஃபினிக் அமிலமாகி முடங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு சேர்ந்து, அருகிலுள்ள பாஸ்படேஸ் போன்ற புரதங்களின் சிஸ்டைனைத் தொடும். சேதி கடப்பதற்கான ஒரு வழி அது. முடங்கியதைச் சல்ஃபிரெடாக்சின் என்ற நொதி மெதுவாக மீட்கும்.

சேதியைக் கண்ணால் பார்க்கக் கானாவாழைதான் வசதி, தோல் சுலபமாக உரியும். வயலோரத்தில் ஈரமாக இருக்கும் செடியை எடுங்கள். இலையின் அடித்தோலை உரித்து, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு (லிட்டருக்கு 3.73 கிராம்), 10 மில்லிமோலார் மெஸ் (இதுவும் ஒரு பஃபர்), பிஎச் 6.1 உள்ள கரைசலில், விளக்கொளியில் 2 மணி நேரம் மிதக்கவிடுங்கள், துளைகள் திறக்கும்.

6 சதவீதப் பெராக்சைடு 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் சுமார் 17.6 மில்லிமோலார், அதில் 1 மி.லி. எடுத்து இந்தக் கரைசலால் 176 மி.லி. ஆக்கினால் 100 மைக்ரோமோலார். அதையும் பத்தில் ஒன்றாக நீர்த்து 10 மைக்ரோமோலாரும் வையுங்கள். எந்த அளவில் துளை நன்றாக மூடும் என்பது செடிக்குச் செடி மாறும். 10 மில்லிமோலார் பெராக்சைடு உள்ள கிண்ணம் தனியே ஒன்று, பெராக்சைடு இல்லாதது ஒன்று. இன்னும் இரண்டு கிண்ணங்களில் 9 மி.லி. 100 மைக்ரோமோலார் கரைசலோடு 1 மி.லி. சாறு: ஒன்றில் பச்சைச் சாறு, மற்றதில் கொதித்தது. எல்லாக் கிண்ணங்களிலும் உரித்த தோலை இட்டு, ஒரு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியின் 40எக்ஸ் லென்ஸில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 துளைகளின் அகலத்தை அளந்து பாருங்கள். எந்தக் கிண்ணம் எது என்று தெரியாதவர் அளப்பது அவசியம்.

பச்சைச் சாறில் துளை திறந்தே இருந்து, கொதித்த சாறில் மூடினால், சேதியை நிறுத்தியது வெப்பத்தில் கெடும் ஒரு பொருள், பெரும்பாலும் கேட்டலேஸ். இரண்டிலும் திறந்திருந்தால் ஃபீனால் பெராக்சைடைத் தின்றிருக்கலாம், பிவிபியைக் கூட்டிச் சாறைத் திரும்ப எடுங்கள். 10 மில்லிமோலாரில் துளை மூடாமல் அகன்று கிடந்தால் நியூட்ரல் ரெட் என்ற சாயத்தைச் சொட்டு விடுங்கள்: உயிருள்ள காப்புச் செல் சிவப்பைப் பிடித்து வைக்கும், செத்தது வெளுத்தே இருக்கும்.

வாடிய ராகி இலையையும் நீர் கிடைத்த செடியின் இலையையும் வட்டு முறையில் ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் பறியுங்கள். கேட்டலேஸ் வெயிலிலேயே சிதையும். காலை இலைக்கும் மதிய இலைக்கும் அதனால் மட்டுமே வித்தியாசம் வரலாம்.