96 ஆடும் ஒரு விளக்கும்

செய்யாறில் மளிகைக்கடை, அரிசி ஆலை, பட்டு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. பங்குனி பிறந்தால் தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசிக்கப் போய்விடுவேன். தை, மாசியில் ஏதாவது ஒரு கோயில் சுவரில் மூக்கு உரசக் கல்வெட்டு வாசித்துக்கொண்டிருப்பேன். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு எத்தினி நாளுக்குடா?" என்று மாமா கேட்பார். என் கணக்குப்படி எனக்கு மூன்று கால் வேண்டும். அதை அவர் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். பொறியியல் படித்தவர், பறை அடிக்கிறார், தேனீ வளர்க்கிறார், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். "எல்லாத்தையும் எப்படிண்ணா ஓட்டுறீங்க?" என்றார். டீக்கடையில் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கழித்தல்

உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் பட்டியல் போடாதீர்கள். பட்டியல் நீளும், மனசு கனக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் சலிப்பான வேலை எது என்று எழுதுங்கள். கூத்தில் அது பெட்டி தூக்குவது. விடிந்தபின் அரிதாரம் கலைத்து, வேஷத்துக்குக் கட்டும் மர அணிகலன்களான கட்டைகளைத் துணியில் சுற்றி, டெம்போவில் ஏற்றுவது. கல்வெட்டில் அது, மேலே பூசிய சுண்ணாம்புக்கு அடியில் எழுத்தா கீறலா என்று தெரியாமல் ஒரே வரியில் ஒரு மணி நேரம் நிற்பது. இந்த வேலையைப் போன வருடம் எத்தனை தரம் செய்தீர்கள்? ஒரு தரமும் இல்லை என்றால் அது உங்கள் ஆர்வம் இல்லை, வேடிக்கை பார்க்கும் ஆசை. தப்பில்லை, வேடிக்கை பாருங்கள். எனக்கு கேமரா அப்படிப்பட்டது. நல்ல விலைக்கு விற்றேன்.

எனக்கு மூன்று மிஞ்சியது. நாலுக்கு மேல் மிஞ்சினால், இன்னொரு முறை கழியுங்கள்.

ஆடு எது, விளக்கு எது

இதைக் கற்றுக்கொடுத்தது சோழர் காலத்துக் கல்வெட்டுகள். கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு விட்டிருப்பார்கள், சில ஊரில் 90. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் கழிந்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டியது இடையர் பொறுப்பு. கணக்குப்பிள்ளைக்கு இதைப் படித்தால் புல்லரிக்காமல் இருக்குமா? ஆடு முதல், நெய் வட்டி. முதலை வெட்டிக் கறி சமைத்தால் அன்றைக்கு விருந்து, மறுநாள் கருவறை இருட்டு.

என் ஆடு ஜி.எஸ்.டி. வேலை. விளக்கு இரண்டு. ஆர்மோனியத்துக்கு ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும் சம்பளத்தை நான் வீட்டுச் செலவில் சேர்ப்பதில்லை. ஆர்மோனியப் பெட்டி ரிப்பேருக்கும், உள்ளே ஒலி எழுப்பும் ரீடு தகடுகளை மாற்றவும் போகும். கல்வெட்டில் வருமானமே கிடையாது, பெட்ரோல் செலவு மட்டும். கூத்தை வைத்தே குடும்பம் நடத்தலாம் என்று ஒரு வருடம் முயன்றேன். அந்த வருடம் யார் எவ்வளவு அட்வான்ஸ் தருவார்கள் என்பதைத்தான் ராத்திரி பூரா யோசித்துக்கொண்டு வாசித்தேன். சுருதி சேரவில்லை.

அதற்கு அடுத்தது, ஆடு எத்தனை என்று முடிவு செய்வது. எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் ஃபீஸ், வீட்டுக் கடன் எல்லாம் சேர்த்து மாதம் 32,000 வேண்டும். ஒரு பார்ட்டிக்கு, அதாவது கணக்குக் கொடுக்கும் ஒரு வியாபாரிக்கு, சராசரியாக 1,000. அப்படியானால் 32 பார்ட்டி. இழுத்தடிப்பவர்கள் உண்டு என்பதால் இன்னும் 4. மொத்தம் 36. முப்பத்தேழாவது ஆள் வந்தால் பக்கத்துத் தெரு நண்பரிடம் அனுப்பிவிடுவேன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. வருகிற லட்சுமியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று அம்மா இன்னும் திட்டுகிறார். ஒருவர் கழன்றுகொண்டால் உடனே ஒருவரைச் சேர்ப்பேன், இடையர் குட்டி சேர்ப்பது மாதிரி.

நாளைப் பிரிக்காதீர்கள், வருடத்தைப் பிரியுங்கள்

காலை 5 முதல் 6 வரை சங்கீதம், 6 முதல் 7 வரை கல்வெட்டு என்று டைம்டேபிள் போட்டுப் பார்த்திருக்கிறேன். பதினோரு நாள் தாங்கியது. ஒரு மணி நேரத்தில் கூத்துக்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் பருவம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் பங்குனியில் தொடங்கி ஆடி வரை வரும். மத்தியானம் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. பத்து நாள், சில ஊரில் அதற்கும் மேல். கடைசி நாள் காலையில் படுகளம், அதாவது துரியோதனன் விழும் காட்சி. கல்வெட்டுக்குத் தை, மாசி. மழைப் பாசி காய்ந்திருக்கும், வெயிலும் கொல்லாது. காலையில் சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே கல் மொட்டையாக இருக்கும்.

ஜி.எஸ்.டி.க்கும் பருவம் உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் 11ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவம் 20ஆம் தேதி. வருட விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறைக்கு மாறலாம். அப்போது தாக்கல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில்தான், தமிழ்நாட்டுக்கு 13ஆம் தேதியும் 22ஆம் தேதியும். நடுவில் வரும் இரண்டு மாதங்களில் 25ஆம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டினால் போதும். என் 36 பேரில் 24 பேரை இப்படி மாற்றினேன். அவர்களுக்கும் தலைவலி குறைந்தது. எனக்கு மே, ஜூன் இரண்டும் லேசானது. கூத்து உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவைதான். பிப்ரவரியும் லேசு, அது கல்வெட்டுக்கு. ஜூலைதான் மோதும்: காலாண்டுத் தாக்கல், வருமான வரி, ஆடிக் கூத்து மூன்றும் ஒன்றாக வரும். அந்த மாதம் கூத்துக்கு நாலு ராத்திரிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பன்னிரண்டு மாதத்தையும் ஒரே சார்ட் அட்டையில் கோடு போட்டு, ஒவ்வொரு வேலையும் எங்கே முட்டுகிறது என்று சிவப்பில் குறியுங்கள். முட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். வருடம் பூரா நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் பார்த்தால் ஜூலை மட்டும்தான் சிவந்து கிடந்தது.

உடம்பு கையெழுத்துப் போட வேண்டும்

இதை நான் தப்பு செய்து கற்றேன். அப்போது எல்லாப் பார்ட்டியும் மாதாந்திரம். 19ஆம் தேதி ராத்திரி கூத்து. விடியற்காலை மூன்று மணிக்குத் திரைக்குப் பின்னால் துரியோதனன் வேஷம் காலை உதறிக்கொண்டு நிற்கிறார், என் இடது கை துருத்தியில் தூங்குகிறது. ஜமாவை நடத்தும் வாத்தியார் கையிலிருந்த தாளத்தால் என் முழங்கையில் தட்டினார். காலையில் படுகளம். மண்ணில் செய்த துரியோதனன் தெரு அகலத்துக்குப் படுத்திருக்க, திரௌபதி வேஷம் கூந்தல் முடிந்து, எல்லாம் முடிய உச்சிப்பொழுது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுக்கலாம் என்று படுத்தேன். எழுந்தபோது ராத்திரி 11.40. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேருடைய 3பி நின்றுபோனது. தாமதக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், நான்தான் கட்டினேன். காசு பெரிசில்லை. ஒரு பார்ட்டி, "உங்களுக்கு ராத்திரி வேலை இருக்காமே" என்று சொல்லிவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். அது வலித்தது.

அன்றிலிருந்து கடைசித் தேதி என்பது எனக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடும். கூத்து முடிந்த மறுநாள் லேப்டாப்பைத் திறப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் தட்டும் ஒரு பூஜ்யத்துக்கு விலை அதிகம்.

வீடு

மனைவியிடம் அனுமதி கேட்பதும் ஒப்பந்தம் போடுவதும் வேறு வேறு. எங்களுக்குள் இருப்பது ஒப்பந்தம். ஐப்பசி முதல் மார்கழி வரை ஞாயிறு அவளுடையது, எங்கே சொல்கிறாளோ அங்கே. பதிலுக்குப் பாரதக் காலத்தில் கேள்வி கிடையாது. ஆடி பிறந்தால் மட்டும், "என்னா, இன்னும் துரியோதனன் சாவலையா?" என்று ஒரு தரம் கேட்பாள். சார்ட் அட்டை அடுப்படிச் சுவரில்தான் தொங்குகிறது. என் மேஜைக்கு மேல் தொங்கிய வரை அது என் அட்டையாக மட்டுமே இருந்தது.

கலக்க வேண்டாம்

மூன்றையும் இணைத்து ஒரே தொழிலாக்கு என்று யோசனை சொல்வார்கள். கூத்துக் கணக்கு ஆலோசகர் என்று போர்டு மாட்டவா? கலப்பது தானாக நடந்தால் நடக்கட்டும். ஜமாவின் வரவு செலவு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அவர்களே கொடுத்தது. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் தெரியாது. முன்னும் பின்னும் உள்ள சொல்லை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் கையெழுத்தில் பில் வாசித்த பழக்கம் அங்கே உதவுகிறது. அதற்கு மேல் நான் முயலவில்லை.

எங்கள் வாத்தியாருக்கு இந்தப் பேச்செல்லாம் வேடிக்கை. ஜமாவில் கர்ணன் கட்டுபவர் செங்கல் சூளையில் வேலை செய்கிறார், கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு நெசவு. "ராசா வேஷம் ராத்திரிக்குத்தான்யா, விடிஞ்சா களை எடுக்கணும். இதுக்கு அட்டை வேறயா?" என்றார்.

தேனீ வளர்க்கும் தம்பிக்கு அட்டையின் நகல் ஒன்று கொடுத்தனுப்பினேன். வேலையை இப்போதைக்கு விட வேண்டாம், தேன் எடுக்கும் மாதங்களை மட்டும் முதலில் குறித்துக்கொண்டு வா என்றேன். இந்த வருடம் எங்கள் முதல் கூத்து பங்குனி கடைசி வாரம். அதற்குள் பெட்டியில் இரண்டு ரீடு மாற்றியாக வேண்டும்.