போருக்கு தலைவருங்க சொல்ற காரணத்த 555 புக்குல எழுதி வச்சு பேசறது எப்படி

எங்க ஊரு லாபிஸ், மலேசியாவுல ஜோகூர் பக்கம், சுத்தி முன்னாடி பால்மரம், அதான் ரப்பர், இப்ப செம்பனை. காலையில ஒட்டுக்கடையில உக்காந்தா பசியாறி முடிக்கறதுக்குள்ள உக்ரேன், காஸா எல்லாம் மேசைக்கு வந்துரும், ஒருத்தர் புதின் செஞ்சது சரிதான்னுவார், இன்னொருத்தர் அமெரிக்காக்காரன் செய்யாததான்னு கேப்பார், குரல் ஏறும், கடைசில யாருக்கும் ஒண்ணும் விளங்காம எந்திரிச்சு போவாங்க. போன வருஷம் இப்படித்தான் ஒரு மாமாவும் அவரோட சொந்த அக்கா மகனும் முட்டிக்கிட்டு தீபாவளிக்குக் கூட ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகல. அந்த வருத்தத்துல நாங்க நாலு பேர் சேந்து ஒரு வழி பண்ணோம், அது நல்லாவே நடக்குது, அதான் எழுதறேன்.

இதெல்லாம் பேசவே வேணாம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது சம்மதம் இல்ல, ஏன்னா ஒரு தலைவர் சொன்ன காரணம் நேரா எங்க ஊரு மேலயே வந்து எறங்கியிருக்கு. 1964 செப்டம்பர் 2, ராத்திரியில இந்தோனேசிய பாராசூட் படைக்காரங்க கிட்டத்தட்ட நூறு பேர் லாபிஸ் பக்கம் குதிச்சாங்க. மலேசியாங்கறது பிரிட்டிஷ்காரன் செஞ்சு வச்ச பொம்மை நாடு, அத நசுக்கணும்ங்கறதுதான் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ சொன்ன காரணம், 'கன்யாங் மலேசியா'ன்னு பெரியவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். குதிச்சா இங்க உள்ளவங்க சேந்துக்குவாங்கன்னு அங்க நம்பியிருக்காங்க. இங்க யாரும் அவங்களுக்காக காத்துக்கிட்டு இல்ல. என் பாட்டி விடியக்காலையில பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்கு, போறதா வேணாமான்னு தெரியாம லயத்து வீட்டு வாசல்ல நின்னுச்சாம், அப்புறம் பால் வாளிய உள்ள எடுத்து வச்சுட்டு கதவ சாத்திக்கிச்சாம்.

சரி, செய்யற வேலைக்கு வரேன். முதல்ல ஒரு 555 புக்கு வாங்குங்க. மளிகைக்கடையில கடன் எழுதற குட்டி நோட்டு, அதேதான். எங்கப்பா கணக்கு வச்சிருந்த கடையில தவுக்கே, அதான் கடை முதலாளி, தேதி போட்டு, அரிசி, சார்டின், மண்ணெண்ணன்னு ஒவ்வொண்ணா எழுதுவார், சம்பளத்தன்னிக்கு காசு வாங்கறதுக்கு முன்னாடி வரிக்கு வரி வாய்விட்டு படிப்பார், அப்பா தலையாட்டுவார், அப்புறம்தான் அடிச்சு கிழிப்பார். தலைவர் போருக்குப் போறேன்னு காரணம் சொன்னாலும் அப்படித்தான் எழுதணும், யாரு சொன்னது, எந்த தேதி, என்ன வார்த்தை. பேப்பர் தலைப்ப எழுதாதீங்க, வாட்சப்புல வந்த வாய்ஸ் மெசேஜ எழுதவே எழுதாதீங்க, அவர் வாயால சொன்னத மட்டும் எழுதுங்க. அன்னிக்கே எழுதணும், ஒரு வாரம் கழிச்சு எழுதினா நமக்குப் பிடிச்சத எழுதிருவோம்.

இது ஏன் அவ்ளோ முக்கியம்னா காரணம் நடுவுல மாறும். 2003 மார்ச்ல இராக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி அமெரிக்க அதிபர் புஷ், பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் ரெண்டு பேரும் ரொம்ப அழுத்தி சொன்னது பேரழிவு ஆயுதம். தேடித் தேடி பாத்தாங்க, 2004ல அமெரிக்காவே அனுப்பின குழுவும் அப்படி சேத்து வச்ச ஆயுதம் எதுவும் இல்லன்னு அறிக்கை குடுத்துச்சு, அதுக்கப்புறம் பேச்சு சதாம் கொடுமைக்காரன், ஜனநாயகம் கொண்டு வரணும்னு திரும்பிருச்சு. சதாம் கொடுமைக்காரன்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா புக்குல முதல் வரி என்ன எழுதியிருக்கு? அதத்தான் கேக்கணும்.

அடுத்தது, எழுதின வரிய மூணா பிரிங்க. நடந்தது, நடக்கும்னு பயப்படறது, நடக்கணும்னு ஆசைப்படறது. ஓரத்துல ந, ப, ஆ ன்னு ஒரு எழுத்து போட்டா போதும். இராக்கிட்ட ஆயுதம் இருக்கு, இது ந. அது தீவிரவாதி கைக்குப் போயிரும், இது ப. மக்கள் நம்மள வரவேப்பாங்க, இது ஆ, அமெரிக்க துணை அதிபர் டிக் செனி போருக்கு நாலு நாள் முன்னாடி டிவியில சொன்னது, எங்க ஊருல குதிச்சவங்க நம்பின அதே விஷயம். ஒட்டுக்கடை சண்டையில முக்காவாசி ஒருத்தர் ந பேசும்போது இன்னொருத்தர் ஆ பேசறதாலதான் வருது, எழுத்து போட்டதும் பாதி சத்தம் தானா கொறஞ்சிரும்.

ந போட்ட வரிக்குத்தான் ரொம்ப நேரம் செலவழிக்கணும், யாரு சரிபாத்தா, அவங்களுக்கு டைம் குடுத்தாங்களா. 2003 பிப்ரவரி 5, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவல் ஐநா பாதுகாப்பு மன்றத்துல ஒரு குட்டி புட்டிய தூக்கிக் காட்டினார், உள்ள வெள்ளைப் பொடி, ஆந்த்ராக்ஸ் இவ்ளோ இருந்தாலே போதும்னு விளக்கறதுக்கு, அது இராக்குல எடுத்த பொருளே இல்ல. நடமாடும் கிருமி ஆலைன்னு அவர் சொன்னதுக்கு மூலமா இருந்த ஆளு நான் சொன்னது பொய்தான்னு 2011ல ஒத்துக்கிட்டார். அதே நேரம் ஐநா ஆயுத சோதனைக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸோட ஆளுங்க இராக்குல நேர்ல போய் தேடிக்கிட்டு இருந்தாங்க, மார்ச் 7 அன்னிக்கு அவர் கேட்டது வருஷம் இல்ல, சில மாசம். குடுக்கல, ரெண்டு வாரத்துல குண்டு விழுந்துருச்சு.

இதையே 1964 செப்டம்பரோட வச்சுப் பாருங்க. அதே பாதுகாப்பு மன்றத்துல நம்ம உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் பிடிபட்ட ஆயுதங்கள நேர்ல கொண்டு போய் காட்டினார், இந்தோனேசியா பிரதிநிதியும் எங்க ஆளுங்க உள்ள போனத நான் மறுக்கலன்ற மாதிரிதான் பேசினார். ஒம்போது நாடு நம்ம பக்கம் ஓட்டு போட்டும் சோவியத் வீட்டோ போட்டு தீர்மானத்த கவுத்துருச்சு. அதனால தீர்மானம் பாஸாச்சா இல்லையாங்கறத மட்டும் வச்சு ஒரு காரணம் உண்மையா பொய்யான்னு முடிவு பண்ணாதீங்க, காட்டின பொருள் என்னன்னு பாருங்க.

அவசரமும் ஒரு அடையாளம். தொங்கின் வளைகுடால 1964 ஆகஸ்ட் 4 ராத்திரி தன்னோட கப்பல வட வியட்நாம்காரங்க தாக்கிட்டாங்கன்னு அமெரிக்கா சொன்னிச்சு, மூணே நாள்ல, 7ஆம் தேதி, வியட்நாம்ல என்ன வேணும்னாலும் செய்ய அதிபர் ஜான்சனுக்கு நாடாளுமன்றம் அதிகாரம் குடுத்துருச்சு, கீழவையில 416க்கு 0, மேலவையில 88க்கு 2. அந்த ரெண்டு பேர் மோர்ஸ், குரூனிங். 2ஆம் தேதி மோதல் உண்மை, 4ஆம் தேதி தாக்குதல் நடக்கவே இல்லன்னு 2005ல வெளிவந்த அவங்க சொந்த உளவு அமைப்பு ஆவணமே காட்டுது. அந்த ரெண்டு பேர நெனச்சா எனக்கு இன்னும் மனசு கனக்குது.

தற்காப்புன்னு சொன்னா, ஆயுதத் தாக்குதல் நடந்தா தற்காத்துக்கலாம்ங்கற ஐநா சாசனம் 51ஆவது விதிய வச்சு கேளுங்க, அப்படி ஒரு தாக்குதல் நடந்துச்சா. 2022 பிப்ரவரி 24 அன்னிக்கு புதினும் இந்த விதியத்தான் சொன்னார், கிழக்கு உக்ரேன்ல உள்ள டொன்பாஸ்ல இனப்படுகொலை நடக்குதுன்னும் சொன்னார், மார்ச் 16 அன்னிக்கு அனைத்துலக நீதிமன்றம் அதுக்கு ஆதாரம் எதையும் பாக்கலன்னு சொல்லி ராணுவ நடவடிக்கைய நிறுத்தச் சொன்னிச்சு. நிறுத்தல.

இப்ப கஷ்டமான வேலை. நமக்குப் பிடிச்ச தரப்புக்கும் அதே புக்கு, அதே மை. கோலாலம்பூர்ல முன்னாள் பிரதமர் மகாதீர் முயற்சியில வந்த போர்க்குற்றத் தீர்ப்பாயம் 2011 நவம்பர்ல புஷ், பிளேர் ரெண்டு பேரும் குற்றவாளின்னு சொன்னப்ப எங்க ஊருல நெறைய பேருக்கு சந்தோஷம், எனக்கும்தான், ஆனா அது அரசாங்க கோர்ட் இல்ல, யாரையும் பிடிச்சு உள்ள வைக்க முடியாது, அதையும் சேத்து எழுதணும். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் 'ஆசியா ஆசியாக்காரனுக்கே'ன்னு சொன்னப்ப கேக்க நல்லாத்தான் இருந்திருக்கும், அதச் சொன்னவன்தான் தோட்டம் தோட்டமா நம்ம ஆளுங்கள சயாம் ரயில் போட அள்ளிக்கிட்டுப் போனான். நல்லா இருக்கற காரணத்தத்தான் ரெண்டு தடவ படிக்கணும்.

மேசையில பேசற முறை: பெரியவர் பேசினா குறுக்க போகாதீங்க. முடிச்சதும், "அண்ணே, நீங்க சொன்னது இதுதானே"ன்னு புக்க பாத்து அந்த தவுக்கே மாதிரி வாய்விட்டு படிங்க, அவர் ஆமான்னு சொன்னப்புறம்தான் பதில். நீ யாரு பக்கம்னு கேக்காதீங்க. "என்ன தெரிய வந்தா நீங்க மனச மாத்திக்குவீங்க?"ன்னு கேளுங்க, அந்தப் பதிலையும் அவர் பேரு போட்டு எழுதிருங்க. அந்த மாமா முதல் தடவ இதக் கேட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம், "ஐநா ஆளு நேர்ல போய் பாத்துட்டு இல்லன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன், எழுதிக்கோ"ன்னார். அக்கா மகன்தான் எழுதினான்.

ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ் பாதிய காலியா விடுங்க, ஆறு மாசம் கழிச்சு என்ன தெரிய வந்துச்சுன்னு எழுத எடம் வேணும். புக்கு கடையிலேயே இருக்கட்டும், யாரு வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாது, பேனாவ கயித்துல கட்டி கல்லாப்பெட்டி பக்கத்து ஆணியில மாட்டி வைங்க.