கல்சியம் கட்டும் ஜெல்: இதயத்தசைக்கான அல்ஜினேற்றை வகுப்பறையில் செய்து பார்த்தல்

மாரடைப்பில் இறந்துபோகும் இதயத்தசைக் கலங்களுக்கு ஈடாக உடல் போதிய அளவு புதியவற்றை ஆக்குவதில்லை. இளம் வயதினரிலும் அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதமே புதுப்பிக்கப்படுகின்றன. இறந்த இடம் தழும்பாக, இதயச் சுவர் மெலிந்து விரிகிறது. அந்தச் சுவரை உள்ளிருந்து தாங்குவதற்கென ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று, கபில நிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேற்று ஆகும். இலங்கையின் வடக்குக் கடலில் கயிறு கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் செந்நிறப் பாசி என்பதால் அது அல்ஜினேற்றையன்றி, கரஜீனன் என்னும் வேறொரு பொருளையே தரும். ஆகவே சோடியம் அல்ஜினேற்றுத் தூளாகவே வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர் தண்ணீரைக் கவனியுங்கள். வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கல்சியம் மிகுந்த கடின நீர். முல்லைத்தீவில் உயர்தர மாணவர்களுடன் முதன்முறை இதைச் செய்தபோது கிணற்று நீரையே எடுத்தேன். எவ்வளவு கலக்கியும் தூள் கட்டிகளாகவே நின்றது. காய்ச்சி வடித்த நீர் 100 மில்லிலீற்றரில் 2 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, குமிழிகள் அடங்க ஓரிரவு வையுங்கள்.

மறுநாள், வேறொரு முகவையில் 2 கிராம் கல்சியம் குளோரைட்டை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சினால் அல்ஜினேற்றை அதனுள் துளித்துளியாக விடுங்கள். ஒவ்வொரு துளியும் விழுந்தவுடனேயே தோல் கட்டி மணியாகும். அல்ஜினேற்றுச் சங்கிலிகள் இரண்டின் மடிப்புகளுக்கிடையே, தட்டில் முட்டை அமர்வதுபோலக் கல்சியம் அயன்கள் அமர்ந்து அவற்றைப் பிணைப்பதே இதற்குக் காரணம். கிணற்று நீர் கெடுத்ததும் இதே பிணைப்பினால்தான் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

மருத்துவத்தில் பரிசோதிக்கப்பட்ட கரைசலும் இந்தப் பிணைப்பையே நம்பியது: சிறிதளவு கல்சியம் சேர்த்த அல்ஜினேற்று, இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடி வழியே பாய்மமாகச் சென்று, கல்சியம் கூடிய காயப்பட்ட தசையில் மட்டும் ஜெல்லாக வேண்டும். விலங்குகளில் நம்பிக்கை தந்த அம்முறை, 303 நோயாளிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான பரிசோதனையில், 6 மாதங்களின் பின்னரும் இதயம் விரிவதைக் குறைக்கவில்லை. இதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். சுவரைத் தாங்குவது வேறு, இறந்த தசையை மீள வளர்ப்பது வேறு. ஜெல்லில் துடிக்கும் கலம் எதுவும் இல்லை.

இறுதியாக, மணிகள் சிலவற்றைச் சோடியம் சித்திரேற்றுக் கரைசலில் இட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரேற்று கல்சியத்தைப் பற்றி இழுப்பதால் மணிகள் மெல்ல வீங்கி, இளகி, மீண்டும் பாய்மமாகும். உடலிலும் கல்சியம் விலக விலக ஜெல் இவ்வாறே கரைந்து, சிறுநீருடன் வெளியேறும்.