கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்: கதைமாந்தர் ஆட்டம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவதுதான் கதைமாந்தர் ஆட்டம். அதை ஆடும் அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. முன்னால் ஒரு தோட்டம் இருக்கிறது, அதில் ஒரு கசீபோ தெரிகிறது என்கிறார் ஆட்டத்தை நடத்துபவர். அது என்ன நிறம் என்று ஆட்டக்காரர் கேட்கிறார். வெள்ளை. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதற்கும் பதில் வருகிறது. நல்லதா, கெட்டதா? "அது ஒரு கசீபோ" என்கிறார் நடத்துபவர். ஆட்டக்காரர் கசீபோவைக் கூப்பிட்டுப் பார்க்கிறார், பதில் இல்லை. அம்பு எய்கிறார், கசீபோ அசையவில்லை. கடைசியில் பொறுமை இழந்த நடத்துபவர், கசீபோ விழித்துக்கொண்டு உன்னைத் தின்றுவிட்டது என்று முடித்துவிடுகிறார்.

கசீபோ என்பது தோட்டத்தில் நிழலுக்காகக் கட்டும் சிறு மண்டபம். அந்த ஆட்டக்காரருக்குச் சொல் தெரியவில்லை, ஏதோ விலங்கு என்று நினைத்துவிட்டார். எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எனக்கோ நடத்தியவர் மேல்தான் வருத்தம். மண்டபத்தைப் பார்த்து யாராவது நல்லதா, கெட்டதா என்று கேட்பார்களா? அந்தக் கேள்வியிலேயே குழப்பம் தெரிந்துவிட்டது. "அது ஒரு கட்டடம், உன் பாத்திரத்துக்கு அது நன்றாகத் தெரிகிறது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்ததிலிருந்து இந்த வகை ஆட்டங்களின் அடிப்படை மாறவில்லை. ஒருவர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. பாத்திரத்துக்குக் கண் உண்டு, காது உண்டு, பல ஆண்டு வாழ்ந்த அனுபவம் உண்டு. ஆட்டக்காரருக்கு இருப்பது நடத்துபவரின் வாய் மட்டும்தான். அந்த வாய் சொல்லாமல் விட்டது அந்த உலகத்தில் இல்லாததற்குச் சமம்.

நம் மேசைகளில் கசீபோ ஆபத்து இன்னும் அதிகம். விதிப்புத்தகங்களும் கதைத்தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவற்றில் ஐரோப்பியக் கோட்டைகளின் சொற்கள் நிறைந்திருக்கின்றன. போர்ட்கல்லிஸ், பாராபெட், அல்கோவ் என்று அப்படியே வாசித்துவிட்டு மேலே போனால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். மேலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிக் கதவு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சுவரில் குடைந்த மாடம் என்று சொல்லிப் பாருங்கள். மாடம் என்றதும், அதில் விளக்கு இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். அறை அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

நான் செய்த தவறுகளிலேயே பெரியது தடயத்தைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. ஒரு கொலைக்கதை நடத்தினேன். வணிகரின் கணக்குப் புத்தகம் தளர்ந்துபோன ஒரு தரைப்பலகைக்கு அடியில் இருந்தது. அதைப் படித்தால்தான் துறைமுகத்துக்குப் போகத் தோன்றும். நான்கு பேரும் அறையைத் தேடினார்கள், நான்கு பேருக்கும் பகடை கைவிட்டது. பிறகு முக்கால் மணி நேரம் அதே அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சமையற்காரரை மூன்று முறை விசாரித்தார்கள். கதை அங்கேயே செத்துக்கொண்டிருந்தது. பலகையைப் பற்றி வாய் திறந்தால் ஏமாற்றுவதாக ஆகிவிடும் என்று நான் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம்தான் தவறு.

கணக்குப் போட்டாலே இது விளங்கும். ஒவ்வொரு பகடைச் சோதனையிலும் வெற்றிவாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கதை நகர அப்படி மூன்று சோதனைகளை வரிசையாகத் தாண்ட வேண்டுமென்றால் மொத்த வாய்ப்பு 22 சதவீதத்துக்கும் குறைந்துவிடும். 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் துப்பறியும் ஆட்டத்தில், மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் புதிய பாத்திரத்துக்கு 25 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. துப்பறியும் கதையை அந்த 25ஐ நம்பித் தொங்கவிடலாமா? இதற்கு விடையாகத்தான் ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸ் கம்ஷூ என்ற விதிமுறையை வகுத்தார். உரிய திறன் உள்ள பாத்திரம் உரிய இடத்தில் தேடினால், கதைக்குத் தேவையான தடயம் பகடையே இல்லாமல் கிடைத்துவிடும். கிடைத்த தடயத்தை வைத்து என்ன ஊகிக்கிறார்கள், யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய மூன்று தடய விதியும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களை வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். நான் இப்போது இரண்டையும் சேர்த்தே கடைப்பிடிக்கிறேன்.

தகவலைத் தாராளமாகக் கொடுத்தால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற கல்லறைக் கதையை நினைவூட்டுவேன். கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக உருவாக்கி, 1978இல் புத்தகமாக வந்த அந்தக் கல்லறை, கொடூரத்துக்குப் பெயர்போனது. ஆனால் அந்தப் புத்தகத்தோடு தனியாக ஒரு படத்தொகுப்பும் வந்தது, ஆட்டக்காரர்களிடம் எடுத்துக் காட்டுவதற்காகவே. நுழைவுத் தாழ்வாரத்தின் தரையிலேயே ஒரு புதிர்ப்பாடல் பொதிந்திருக்கிறது, அதில் பச்சையைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கையும் உண்டு. அதே தாழ்வாரத்தின் கோடியில் வாய் திறந்த ஒரு பச்சைப் பேய்முகம். அந்த வாய்க்குள் புகுந்தவர் மீள்வதில்லை. பொறி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கைகாக்ஸ் மறைத்தார், கண்ணால் காணக்கூடியதை மறைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே கோடு போடத் தெரியாமல்தான் நாம் தடுமாறுகிறோம். எதிரியின் திட்டம் ரகசியமாக இருக்கட்டும். எதிரியின் கையில் வாள் இருக்கிறதா என்பது ரகசியம் இல்லை.

எண்களைச் சொல்வதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது, கதையின் சுவை கெட்டுவிடுமாம். "ஆழமான பள்ளம்" என்றால் என்ன? ஒருவருக்குப் பத்தடி, இன்னொருவருக்கு நூறடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, விழும் ஒவ்வொரு பத்தடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை அளவு காயம். நாற்பதடி என்றால் நான்கு பகடை, சராசரியாக 14. முதல் நிலை மந்திரவாதிக்கு 8 உயிர்ப்புள்ளிதான் இருக்கிறது என்று கொள்ளுங்கள். காயம் அதன் இரு மடங்கான 16ஐத் தொட்டால் அந்த இடத்திலேயே மரணம், அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் அந்த மந்திரவாதிக்கு அது எவ்வளவு ஆழம் என்பது கண்ணுக்கே தெரியும். ஆட்டக்காரருக்கு நாற்பது என்ற எண்ணைச் சொன்னால்தான் தெரியும். தெரிந்த பிறகும் தாண்டினால் அது வீரம். தெரியாமல் தாண்டி இறந்தால், அவர் மனம் கசந்து எழுந்து போவதில் நியாயம் இருக்கிறது.

ஜான் ஹார்ப்பர் உருவாக்கிய பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டம் இதை விதியாகவே ஆக்கிவிட்டது. பகடையைத் தொடும் முன்பே நிலைமை எவ்வளவு ஆபத்தானது, வென்றால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்று நடத்துபவர் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் மனம் மாறி வேறு வழி தேடலாம். எந்த விதிமுறையில் ஆடினாலும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

விவரிக்கும் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். பூதம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு யாரும் கதவுகளை எண்ண மாட்டார்கள். அதனால் இடம், வெளியேறும் வழிகள், கடைசியாக உயிருள்ளது எதுவோ அது. எல்லாம் நான்கு வாக்கியத்துக்குள். திரைச்சீலையின் வேலைப்பாட்டை யாராவது கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பிரபுக்களை ஒரே விருந்தில் உட்கார வைக்காதீர்கள்.

ஒருவர் முட்டாள்தனமாகத் தோன்றும் எதையாவது செய்யப் போவதாகச் சொன்னால், "சரி, பகடையை உருட்டுங்கள்" என்று உடனே சொல்லாதீர்கள். "இதனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "பாலத்தின் கயிற்றை அறுக்கிறேன், அவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள்" என்பார். நீங்களோ எதிரிகள் ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பத்துக்கு எட்டு முறை அங்கே முட்டாள்தனம் எதுவும் இருக்காது, இருவர் மனத்திலும் வேறு வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். ஆட்டக்காரர்களுக்குப் போன அமர்வு நடந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், நடுவில் வேலை, வீடு, காய்ச்சல் எல்லாம் வந்து போயிருக்கும். பாத்திரத்துக்கோ அது நேற்று நடந்தது. தூதன் சொன்ன ஊரின் பெயரை ஒருவர் மறந்துவிட்டால் அதைச் சோதனையாக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு அமர்வையும் ஆட்டக்காரர் ஒருவரைச் சென்ற முறை நடந்ததைச் சொல்லச் சொல்லித் தொடங்குகிறேன். இடையில் திருத்துவதில்லை, கையில் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அண்மையில் ஒரு தோழி, விடுதிக்காரர்தான் ஒற்றன் என்று உறுதியாகச் சொன்னார். நான் அப்படி நினைத்ததே இல்லை. விடுதிக்காரரின் கை நடுங்கியது என்று எப்போதோ சொல்லியிருக்கிறேன், அவர் வயதானவர் என்று சொல்ல மறந்திருக்கிறேன். தோழி பேசி முடித்ததும், விடுதிக்காரருக்கு எழுபது வயது, தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பார் என்று சொன்னேன். மேசையில் கொஞ்ச நேரம் அமைதி. "அப்படியென்றால் அந்தக் கடிதத்தை எழுதியது யார்?" என்றார் ஒருவர். ஆட்டம் அங்கிருந்து தொடங்கியது.